விஞ்ஞானச் செய்தியும் விசுவாசியின் நாவும்

பௌதிகத் துறையில் ஏதேனும் புதிய கண்டுபிடிப்பு நிகழ்ந்ததாகப் பத்திரிகையில் செய்தி வந்துவிட்டால், அடுத்த ஜும்ஆவுக்குள் அது நம் மேடைகளுக்கும் வந்துவிடுகிறது. "இதை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே திருமறை அறிவித்துவிட்டது" என்று ஒருவர் முழங்க, கூட்டம் "சுப்ஹானல்லாஹ்" என்கிறது. சொல்பவரின் எண்ணம் நல்லதே. கேட்பவரின் ஈமானும் அந்த நேரத்துக்கு மலரத்தான் செய்கிறது. பின் இதில் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம். நல்ல நோக்கத்துக்காகச் சொல்லப்படும் சரிபார்க்காத செய்தி, அந்த நோக்கத்தாலேயே ஆகுமானதாகிவிடுமா என்பதே கேள்வி.

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவத்தை ஹதீஸ் கிரந்தங்கள் பதிவு செய்துள்ளன. நாயகம் (ஸல்) அவர்களின் அருமைப் புதல்வர் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே காலமானார். அன்றே சூரிய கிரகணம் பிடித்தது. (வானநூல் வல்லுநர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டு, அது கி.பி. 632 ஜனவரி 27-ஆக இருக்கலாம் என்பர்.) நபியின் மகன் மறைந்த துக்கத்தில் சூரியனே ஒளியிழந்தது என்று மதீனாவாசிகள் பேசிக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய பிரசார வாய்ப்பு எவருக்கேனும் கிடைக்குமா? பொய் சொல்லக்கூட வேண்டியதில்லை. வாய் திறவாமல் இருந்திருந்தாலே போதும். ஆயினும் மகனை இழந்த அந்தத் துயர நேரத்திலும் அவர்கள் அதை அனுமதிக்கவில்லை. ஒரு மனிதரின் வாழ்வோடும் சாவோடும் கிரகணத்தை முடிச்சுப் போடுவதை மறுத்து, மக்களைத் தொழுகையின் பக்கம் திருப்பினார்கள். வானத்துச் சூரியன் இறைவனின் அத்தாட்சி. அதை நம் கட்சிக்குச் சாட்சியாக இழுத்து வருவது வேறு விஷயம்.

அந்த முன்மாதிரி கண்முன் இருக்க, நாம் எதற்காக அவசரப்படுகிறோம்? ஒரு விஞ்ஞான முடிவு எப்படிப் பிறந்து, எப்படித் திருத்தப்பட்டு, எப்படி நிலைபெறுகிறது என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை என்பதே காரணமென்று தோன்றுகிறது. அதைக் கவனிக்க அயல்நாடு போக வேண்டியதில்லை. நம் திருச்சியிலிருந்தே தொடங்கலாம்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கத் தீவில், அரங்கநாதர் கோயிலுக்குக் கிழக்கே இருப்பது திருவானைக்காவல். அங்கே 1888 நவம்பர் 7-ஆம் தேதி பிறந்தவர் சி.வி. ராமன். அவர் சிறுவனாக இருந்தபோதே தந்தையார் விசாகப்பட்டினத்துக்கு உத்தியோகமாகிப் போனதால், இரு நதிகளின் நீரையும் அவர் அதிக நாள் பார்த்திருக்க முடியாது. ஆனால் தண்ணீரின் நிறம்தான் பிற்காலத்தில் அவரை உலகப் புகழுக்கு இட்டுச் சென்றது.

1921-இல் ராமன் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்வந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் மனத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த நீலத்துக்குக் காரணம் என்ன என்ற கேள்விக்கு அப்போது பெரியவர் ஒருவரின் பதில் இருந்தது. வானம் ஏன் நீலம் என்பதை விளக்கியவரும், 1904-இல் நோபல் பரிசு பெற்றவருமான ராலே பிரபு, ஆழ்கடலின் நீலம் வானத்தின் நீலம் பிரதிபலிப்பதே அன்றி வேறில்லை என்று கூறியிருந்தார். அவ்வளவு பெரியவர் சொன்னதை யார் மறுப்பார்? ராமன் சட்டைப் பையில் அடங்கும் ஒரு நிக்கல் பட்டகத்தை எடுத்து, கப்பலின் மேல்தளத்தில் நின்று, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அதன் வழியே விலக்கிவிட்டுப் பார்த்தார். பிரதிபலிப்பு மறைந்தது, நீலம் மறையவில்லை. முன்னிலும் அழுத்தமாகவே தெரிந்தது.

இங்கே சற்று நிற்க வேண்டும். ராலே தவறினார் என்றவுடன், "பார்த்தீர்களா, விஞ்ஞானம் நாளுக்கு ஒன்று சொல்லும், அதை நம்பாதீர்கள்" என்று கிளம்பும் மற்றொரு கூட்டமும் நம்மிடையே உண்டு. அதுவும் அவசரமே. வானத்தின் நீலத்துக்கு ராலே தந்த விளக்கம் இன்றும் அசையாமல் நிற்கிறது. கடலுக்கு அவர் கூறியதே விழுந்தது. ராமன் சொன்னதும் அப்படியே முடிந்த முடிவாகிவிடவில்லை. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே கடல் நீலத்தின் காரணம் என்றார் அவர். சூரிய ஒளியிலுள்ள சிவப்பைத் தண்ணீர் சிறிது சிறிதாக உறிஞ்சிவிடுவது அதனினும் முக்கியமான காரணம் என்பதே இன்றைய தெளிவு. ஒரே மனிதரின் இரு கூற்றுகளில் ஒன்று நிற்கும், ஒன்று விழும், மூன்றாவது பாதி நிற்கும். எது எந்த வகை என்று பிரித்தறியும் பொறுமை இல்லாதவர், ஆதரித்தாலும் எதிர்த்தாலும் ஒன்றுதான்.

கடலில் எழுந்த அந்தக் கேள்வி ஏழாண்டுகள் ராமனை விடவில்லை. கல்கத்தாவில் கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து சுமார் 60 திரவங்களில் ஒளியைச் செலுத்திப் பார்த்தார். சிதறிய ஒளியில் மிகச் சொற்பமான பகுதி, ஏறத்தாழ கோடியில் ஒரு பங்கு, தன் நிறத்தையே மாற்றிக்கொண்டு வெளிவருவது 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி உறுதியாயிற்று. அதே சமயத்தில் ரஷ்யாவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டல்ஸ்டாம் என்ற இருவர் ஸ்படிகக் கல்லில் இதே விளைவைக் கண்டிருந்தனர். ஒருவரையொருவர் அறியாத இரு தேசத்தார் ஒரே முடிவுக்கு வந்து சேர்ந்ததைவிட நல்ல சாட்சி எது? ராமனுக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. பத்து அல்ல, அறுபது திரவங்கள் என்பதை மட்டும் நம் சொற்பொழிவாளர்கள் நினைவில் வைத்தால் போதும்.

இனி சமீப காலத்துக்கு வருவோம். 2011 செப்டம்பரில் இத்தாலியிலிருந்து ஒரு செய்தி உலகைக் குலுக்கியது. ஜெனீவா அருகே புறப்பட்டு, சுமார் 730 கிலோமீட்டர் பூமிக்குள்ளேயே பயணம் செய்து, கிரான் சாசோ மலையடியில் உள்ள ஆய்வுக்கூடத்தை அடைந்த நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள், ஒளியைவிட ஒரு விநாடியின் நூறு கோடியில் 60 பங்கு முந்தி வந்துவிட்டனவாம். ஐன்ஸ்டீன் தோற்றார் என்று தலைப்புகள் பறந்தன. அளந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் கணக்கில் பிழை தேடினோம், கிடைக்கவில்லை, பிறரும் சோதியுங்கள் என்றே வேண்டினார்கள். சில மாதங்களில் பிழை அகப்பட்டது: ஒரு கண்ணாடியிழைக் கம்பி சரியாகப் பொருத்தப்படாமல் தளர்ந்திருந்தது! 2012-இல் மறுபடி அளந்தபோது நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை.

ஒளியின் வேகத்தையே திருவசனங்களிலிருந்து கணக்கிட்டுக் காட்டுவதாகச் சொல்லும் பிரசுரங்கள் நம்மிடையே உலவுவதை வாசகர்கள் அறிவார்கள். அந்த இத்தாலியச் செய்தி உண்மையாகியிருந்தால் அவற்றை என்ன செய்திருப்போம்? கணக்கைத் திருத்தியிருப்போமா, வசனத்தின் பொருளைத் திருத்தியிருப்போமா? அளந்தவர்கள் தங்கள் கம்பியைச் சந்தேகித்தார்கள். நாமோ நம் துண்டுப் பிரசுரத்தைச் சந்தேகிக்கக் கூசுகிறோம். (2012 ஜூலையில் ஹிக்ஸ் துகள் அகப்பட்டபோது "கடவுள் துகள்" என்று பத்திரிகைகள் எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு சாரார் பதறியதும் மறுசாரார் மகிழ்ந்ததும் இன்னொரு வேடிக்கை. ஒரு புத்தகத் தலைப்பிலிருந்து பரவிய பட்டப்பெயருக்காக இத்தனை ஆர்ப்பாட்டம்!)

இதன் விலையைக் கொடுப்பவர் மேடையில் பேசியவர் அல்லர். திருச்சி கல்லூரிகளில் ஆண்டுதோறும் நம் பிள்ளைகள் பௌதிகம் படிக்கச் சேருகிறார்கள். அப்துல் கலாம் அவர்கள் 1950 முதல் 1954 வரை பௌதிகம் பயின்றதும் இவ்வூர் செயின்ட் ஜோசப் கல்லூரியில்தான். அத்தகைய மாணவன் ஒருவன், பள்ளிவாசலில் ஆதாரமென்று கேட்டதைப் பரிசோதனைச் சாலையில் வைத்துப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அது பிசகு என்று தெரிந்ததும், பிரசுரத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு வேதத்தைத் தனியே பிரித்து வைத்துக்கொள்ள அந்த வயதில் எத்தனை பேருக்கு இயலும்? நாம்தானே இரண்டையும் ஒரே கயிற்றால் கட்டிக் கொடுத்தோம்.

அப்படியானால் வானத்தையும் பூமியையும் சிந்திக்கச் சொல்லும் வசனங்களை என்ன செய்வது என்று சிலர் கேட்பர். சிந்திக்கத்தான் வேண்டும். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் (965 - சுமார் 1040) சிந்தித்தது போலச் சிந்திக்க வேண்டும். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கூறியதை அவர் ஏற்கவில்லை. பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று சோதனைகளோடு கிதாபுல் மனாளிரில் எழுதினார். தாலமியின் நூல்களிலுள்ள முரண்பாடுகளை எடுத்துக்காட்டத் தனி நூலே இயற்றினார். செய்தி கொண்டுவருபவனை விசாரிக்கச் சொல்லும் சூரா அல்ஹுஜுராத்தின் கட்டளையை, சாதாரண வதந்திகளுக்கு மட்டுமே உரியதென்று நாம் சுருக்கிவிட்டோமோ என்ற ஐயம் இத்தகையோரை நினைக்கும்போது எழுகிறது.

2019 டிசம்பர் 26 காலை, வளைய வடிவச் சூரிய கிரகணம் திருச்சி வானில் தோன்றியது. கணித்துச் சொன்ன நேரத்தில், ஒன்பதரை மணியை அடுத்து, சூரியன் மோதிரமாயிற்று. அந்நேரத்தை முன்கூட்டியே அறிந்து தமிழகத்தின் பல பள்ளிவாசல்களில் கிரகணத் தொழுகைக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள். கணக்கு முன்பே தெரிந்ததனால் ஸுஜூதின் நீளம் குறையவில்லை. (பிறைக் கணக்கு விவாதத்தை இங்கே இழுக்க நமக்கு விருப்பமில்லை, அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

2027 ஆகஸ்ட் 2-ஆம் தேதி முழுச் சூரிய கிரகணத்தின் பாதை மக்கா நகரின் மீதே செல்கிறது. ஜித்தாவும் அதில் அடங்கும். வட ஆப்பிரிக்காவும் ஸ்பெயினின் தென்பகுதியும் அடங்கும். அதற்கு விசேஷப் பொருள் கற்பித்து வாட்ஸ்அப்பில் செய்திகள் புறப்படும் என்பதை ஊகிக்கக் கணிதம் தேவையில்லை. அவற்றில் ஒன்று நம் கைக்கு வரும்போது, மதீனாவில் மகனை அடக்கம் செய்த அந்த நாளின் பேச்சை அனுப்பியவருக்கு எடுத்துச் சொல்லலாம். மேலும் பலருக்கு அனுப்பாமல் நிறுத்தியும் வைக்கலாம்.