கோலும் ஒப்புதலும்

குடிமகன் ஒருவன் மனமுவந்து இடும் கையொப்பமும், அஞ்சி இடும் கையொப்பமும் தாளில் ஒன்றுபோலவே தோன்றும். கோப்புகளிடையே நாளைக் கழிக்கும் என்போன்ற எழுத்தர்கள் இதனை நன்கறிவர். எனின், உண்மையான ஒப்புதலைப் பிரித்தறிவது எங்ஙனம்?

கோலேந்திய மன்னன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலேந்திய வழிப்பறிக் கள்வன் ‘கொடு’ என்பதற்கு ஒப்பிடுகிறார் திருவள்ளுவர். மன்னன் பறித்தான் என்று அவர் கூறவில்லை. இரந்தான் என்றே கூறுகிறார். சொல் எத்துணைப் பணிவாயினும், கேட்பவன் கையில் கோல் இருக்குங்கால் மறுக்க வல்லார் யார்?

நெருக்கடி நிலைக் காலம் இதற்குச் சான்று. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடைபெற்றன. கட்டாயக் கருத்தடைச் சட்டம் எதனையும் மைய அரசு இயற்றவில்லை. மகாராட்டிரம் நிறைவேற்றிய மசோதாவும் குடியரசுத் தலைவரின் இசைவைப் பெறவில்லை. ஆகவே, சட்டத்தின் கண்ணில் இவையனைத்தும் விருப்ப அறுவைகளே! ஆயினும், இலக்கை எட்டாத ஆசிரியர்களின் சம்பளம் நிறுத்தப்பட்டதும், மனை முதலியவற்றைப் பெற அறுவைச் சான்றிதழ் கேட்கப்பட்டதும் உண்டு. மறுத்தவன் பிழைப்பை இழப்பான் எனின், அவனது இசைவுக்கு என்ன மதிப்பு?

‘வரி செலுத்துவதும் கட்டாயந்தானே?’ என்பர் சிலர். உண்மை. ஆனால் வரிச் சட்டம் தன்னைக் கட்டாயம் என்றே வெளிப்படையாகக் கூறுகிறது. மன்றத்தில் விவாதித்து இயற்றப்படுவது அது. அதனை எதிர்த்து நீதிமன்றம் ஏறலாம். ஒப்புதலின் உடை அணிந்துவரும் கட்டாயத்தை எதிர்த்து எங்கே முறையிடுவது? ‘நீயே கையொப்பமிட்டாய்’ என்று படிவம் அவன் வாயை அடைத்துவிடுகிறதே!

வன்முறை பயனையும் தரவில்லை. 1977இல் மக்கள் வாக்குச் சீட்டால் விடையளித்தனர். அடுத்த ஆண்டில் அறுவைகள் 10 இலட்சத்திற்கும் கீழே வீழ்ந்தன. பெண் கல்வி பரவி, பிறந்த குழந்தை பிழைத்து வளரும் என்ற நம்பிக்கை வேரூன்றிய கேரளமும் தமிழகமுமோ, தாய்க்கு இரு குழந்தை என்ற அளவை 1990களின் நடுப்பகுதிக்குள் எய்திவிட்டன.

மறுப்பதற்கு அச்சமின்மை மட்டும் போதாது, அறிவும் வேண்டும். கருத்தடை செய்துகொள்ள வருவோர்க்கு அதன் விளைவுகளை அவர்க்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என 2016இல் உச்ச நீதிமன்றம் பணித்தது இதனாலேயே.

அறிவூட்டுதல், வசதி செய்து கொடுத்தல், பின்னர் முடிவை அவரவரிடம் விட்டுவிடுதல் ஆகிய இவையே இத்தகைய துறைகளில் அரசின் கடமை. ஒப்பியவர் எத்தனை பேர் என்று கணக்கெடுப்பது எளிது. மறுத்தவர் எவ்விதக் கேடுமின்றி வீடு திரும்பினாரா என்று பார்ப்பதே ஒப்புதலுக்கு உரைகல். அந்த ஒருவரைக் காக்கும் கோலையே செங்கோல் எனல் தகும்.