வரைந்தவனும் கடைந்தவனும்

ஒரு பொருளைச் செய்தவன் யார் என்ற வினா, விடை தேட வேண்டாத அளவுக்கு எளிதானது போலத் தோன்றும். குடத்தை வனைந்தவன் குயவன். கதவைச் செய்தவன் தச்சன். ஆயின், ஒருவன் வரைபடம் வரைய, வேறொருவன் அதன்படி உலோகத்தைக் கடைந்து கொடுக்க, அப்பொருள் மூன்றாம் ஒருவனின் கையில் வெடிக்குமாயின், அதைச் செய்தவன் யார்? ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில் இந்நூற்றாண்டில் பரவிய சிறு பொழுதுபோக்கு ஒன்று இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது. புகைக்குப் பதிலாக ஆவியை உறிஞ்ச உதவும் இலத்திரனியல் சிகரெட்டின் உடற்பகுதியைத் தம் விருப்பப்படி வரைந்து, கடைசற்பட்டறையில் கொடுத்துச் செய்வித்துக்கொள்வதே அப்பொழுதுபோக்கு.

இக்கருவிக்கு 1965ஆம் ஆண்டிலேயே அமெரிக்கரான ஹேர்பேட் கில்பேட் காப்புரிமை பெற்றிருந்தார். எனினும், சீன மருந்தாளரான ஹொன் லிக் 2003இல் உருவாக்கிய கருவியே உலகெங்கும் பரவுதற்கு வழிசெய்தது. தொடக்கத்தில் வந்தவை வலுக்குறைந்தவை. அவற்றால் நிறைவுறாதோர் கைவிளக்கின் குழாய்களையும் பெரிய மின்கலங்களையும் கொண்டு தாமே மாற்றுக் கருவிகளைச் செய்யலாயினர். மாற்றியமைக்கப்பட்டது என்ற பொருளிலேயே அவற்றுக்கு ‘மொட்’ என்ற பெயர் வழங்கலாயிற்று. அவற்றுள் ‘மெக்கானிக்கல் மொட்’ எனப்படுவது அமைப்பில் மிக எளியது. பித்தளை, செம்பு அல்லது துருவேறா உருக்காலான ஒரு குழாய். அதனுள்ளே 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட இலிதியம் அயன் மின்கலம். அடியில் ஓர் அழுத்தி. மேலே சுருட்கம்பியைத் தாங்கிய ஆவியாக்கி. அழுத்தியை அமுக்கினால் குழாயே கடத்தியாகிச் சுற்றை நிறைவாக்கும். மின்னோட்டத்தை அளக்கவோ தடுக்கவோ அதனுள் வேறெதுவும் இல்லை.

அந்த இல்லாமையே அதன் அழகு என்பர் அதனை விரும்புவோர். அதனை முற்றாக மறுத்தற்கில்லை. ஒரு சிறு குழாயிலே திருகுபுரி இடறாது சுழல்வதும், மூடியும் உடலும் பொருந்துமிடம் கண்ணுக்குத் தெரியாது மறைவதும் கைத்திறனின் நுட்பங்களே. ஆனால், இதனைக் கைத்தொழிலின் மீட்சி என்று போற்றுவோர், கை யாருடையது என்பதை மறந்துவிடுகின்றனர். உழைப்பாளி தான் ஆக்கிய பொருளிலிருந்து அந்நியமாதலை மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் விளக்கினார். இங்கே பொருளைத் தனதென்று கொண்டாடுபவன் அதனை வரைந்தவன். எண்ணெயும் உலோகச் சீவலும் படிந்த கையோ கூலி பெற்றுக்கொண்டு அடுத்த வேலைக்குச் சென்றுவிட்டது.

ஓமின் விதியைக் கொண்டு கணக்கிட்டால் ஆபத்து எங்கே பதுங்கியுள்ளது என்பது புலனாகும். முழுமையாக மின்னேற்றிய கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ற்று. சுருளின் தடை 0.5 ஓம் ஆயின் 8.4 அம்பியர் பாயும். கலம் இதனைத் தாங்கும். தடை 0.1 ஓம் ஆயின் 42 அம்பியர் பாயும். இவ்வகைக் கலங்களுள் நல்லனவும் தொடர்ந்து தரக்கூடியது 20 முதல் 30 அம்பியர் வரையே. மேலும், நேர்முனையைச் சூழ்ந்த காவலி வளையம் உருகிச் சிதைந்தால் குறுஞ்சுற்று ஏற்படும். அப்போது கலம் சூடேறி வாயுவை உமிழும். வாயு வெளியேறக் குழாயில் துளை இல்லையெனில், குழாய் ஒரு சிறு வெடிகுண்டாகும். இது வெறுங் கற்பனையன்று. ஆவிக் கருவி வெடித்ததனால் 2018இல் புளோரிடாவிலும் 2019இல் டெக்சாசிலும் ஒவ்வொருவர் உயிரிழந்தனர்.

பிளேற்றோ ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் ஒரு கருத்தை முன்வைக்கிறார். குழலின் நன்மை தீமைகளை அறிந்தவன் அதனை ஊதுபவனே. குழல் செய்பவன் அவன் சொற்படி செய்தால் போதும் என்பது அதன் சாரம். குழலுக்கு இது பொருந்தலாம். அபசுரம் உடனே காதில் விழும். மின்கலமோ வெடிக்கும் நாள் வரை அபசுரம் எழுப்புவதில்லை. வரைந்தவன் அழுத்தி எவ்வளவு மென்மையாக அமுங்க வேண்டும் என்பதை அறிவான். கடைந்தவன் பித்தளையை எவ்வளவு மெல்லிதாகக் கடையலாம் என்பதை அறிவான். காவலி எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும், துளை எத்தனை வேண்டும் என்பன இருவரது அறிவுக்கும் இடையே உரியவரின்றிக் கிடக்கின்றன. வரைபடத்தில் இல்லாத துளையைக் கடைசற்காரர் இடுவதில்லை. கடைசற்காரர் ஒன்றும் சொல்லாமையினால் வரைந்தவனும் துளை வேண்டாம் போலும் என்று இருந்துவிடுகின்றான். ஒருவரின் மௌனம் மற்றவருக்குச் சான்றிதழாகிவிடுகின்றது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலியது. தன் கையில் பிடிக்கும் பொருளின் ஆபத்தைத் தானே ஏற்பவனைத் தடுக்கப் பிறருக்கு என்ன உரிமை உண்டு? ‘சுதந்திரம் பற்றி’ என்ற 1859ஆம் ஆண்டு நூலில் ஜோன் ஸ்ருவேட் மில் இதனை ஒத்த நிலையை ஆராய்ந்துள்ளார். பழுதடைந்த பாலத்தில் ஒருவன் கால்வைக்கப் போகின்றான். பாலம் நிச்சயமாக ஆபத்தானது, எச்சரிக்க நேரமில்லை, அவனோ அறியான். அந்நிலையில் அவனைப் பிடித்து இழுப்பது அவனது சுதந்திரத்தைப் பறிப்பதாகாது. ஆபத்து நேரலாம் என்ற அளவே இருப்பின், அறிவித்துவிட்டு முடிவை அவனிடமே விட வேண்டும் என்பது மில்லின் கருத்து. (ஆவியை உறிஞ்சுவதால் உடலுக்கு விளையும் கேடு வேறொரு வழக்கு, அதனை இங்கு கலத்தல் வேண்டா.) இவ்வளவில் வரைந்தவனுக்கு உரிமை உண்டென ஒப்புக்கொள்ளலாம். ஆயினும், மில்லின் பாலம் ஓரிடத்தில் நிற்பது. மொட் கைமாறுவது. நண்பனுக்குப் பரிசாகவும், சலிப்புற்றபின் பாதிவிலைக்கும் அது சென்று சேரும். சுற்றமைப்புள்ள கருவி, சுருளின் தடையைத் தானே அளக்கும். குறுஞ்சுற்றைக் கண்டால் இயங்க மறுக்கும். கலம் இளைத்தால் நின்றுவிடும். அங்கே அறிவு கருவிக்குள் இருக்கின்றது. கருவி போகுமிடமெல்லாம் கூடவே போகும். மெக்கானிக்கல் மொட்டின் அறிவோ உரியவனின் தலைக்குள் இருக்கின்றது. பொருள் கைமாறும்போது அது பின்தங்கிவிடுகின்றது. தன் ஆபத்தைத் தானே ஏற்றவன், பிறனது ஆபத்தையும் அவன் கேளாமலே ஏற்றுவைத்துவிடுகின்றான்.

ஹமுராபியின் பழைய சட்டம், கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால் கட்டியவனைக் கொல்க என்றது. அது கொடியது, படம் தந்தவன் யார் என்றும் கேட்கவில்லை. எனினும், சொன்னபடி செய்தேன் என்ற விடையை அது ஏற்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. மின்னியலைக் கற்றிராத கடைசற்காரரிடம் ஓமின் விதியை எதிர்பார்ப்பது முறையன்று. அவர் கேட்கக்கூடிய கேள்விகளோ எளியவை. உள்ளே வைப்பது எந்தக் கலம்? சுருளின் தடை எவ்வளவு? வாயு வெளியேறுவது எவ்வழி? சட்டைப்பையில் தானாக அமுங்காதிருக்க அழுத்திக்குப் பூட்டுவளையம் உண்டா? இவற்றைக் கேட்ட பின்னரே பொறியை இயக்கும் கடைசற்காரர் சில வாடிக்கையாளரை இழக்கக்கூடும். அவர்கள் அடுத்த தெருவில் வேறொரு பட்டறையைக் கண்டுகொள்வர்.