பந்துக்கும் ஒரு பாடு

பழவேற்காட்டுக் குப்பங்களில் வலை காயும் மணல்தான் பிள்ளைகளுக்குத் திடல். ஒரு பேட், ஒரு ரப்பர் பந்து. காஜி, அதாவது பேட் பிடிக்கும் முறை, கிடைத்தவன் ஆடிக்கொண்டே இருக்கிறான். மற்றவர்கள் வெயிலில் நிற்கிறார்கள். வயதில் சிறியவனை ஒப்புக்குச் சப்பாணியாகப் படகுகளுக்கு அப்பால் நிறுத்திவிடுகிறார்கள். அங்கே பந்து வருவதே இல்லை. வராத பந்தை வைத்துக் கை என்ன கற்கும்?

*

பந்து பிடிப்பதையே ஆட்டமாக்கிவிடலாம். இரண்டு அணி. ஒருவர் பந்தை உயரத் தூக்கிப் போட, எதிரணியில் ஒருவர் பிடிக்க வேண்டும். நேராகப் பிடித்தால் 2 புள்ளி. ஒருமுறை தரையில் பட்டு எழுந்த பிறகு, ஒன் பிட்சில், பிடித்தால் 1. நழுவவிட்டவர் ஓடிப்போய் எடுத்து ஒற்றை ஸ்டம்பில் படும்படி எறிந்தால் அவருக்கும் 1. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசி விதி. விட்டுவிட்டோமே என்று நிற்க அது நேரம் தருவதில்லை.

*

ஒன் பிட்ச் கேட்ச் நம் தெருக்களுக்கு மட்டும் சொந்தமல்ல. 1845-இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் எழுதிவைத்த பேஸ்பால் விதிகளிலும், ஒருமுறை தரையில் பட்டு எழும் பந்தைப் பிடித்தால் அவுட்தான். அன்றைக்குக் கையுறை இல்லை, வெறுங்கை. எல்லைக்கோடுகளுக்குள் அடித்த பந்துக்கு அந்தச் சலுகை நீங்கியது 1865 ஆட்டப் பருவத்தில்தான். ஒரு பெரிய ஆட்டம் நிமிர இருபது ஆண்டு பொறுத்தார்கள். பத்து வயதுக் கைக்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

*

விறைத்த உள்ளங்கையில் பந்து தங்காது. பட்டதும் தெறிக்கும். நன்றாகப் பிடிக்கிற சிறுமியைக் கவனித்தால் தெரியும்: சுண்டுவிரல்கள் ஒட்டியிருக்கும், முழங்கை இளகியிருக்கும், பந்து தொட்ட கணமே இரு கைகளும் நெஞ்சை நோக்கிப் பின்வாங்கும். வேகத்தை எதிர்ப்பதில்லை, வாங்கிக்கொள்கிறாள்.

*

பழவேற்காடு ஏரியில் மீனவர்களிடையே பாடு முறை உண்டு. மீன் நன்றாகப் படும் இடங்களைத் தலைக்கட்டுக்காரர்கள் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். வளமான இடம் ஒருவரிடமே தங்குவதில்லை. திடலிலும் அப்படியே செய்யலாம்: கிட்டே, நடுவே, தூரத்தில் என்று மூன்று இடம், யார் எங்கே என்பதைச் சீட்டு சொல்லட்டும். ஆறு பந்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும்.

*

ஆனால் ஏரியின் பாடு முறைக்குள் எல்லாரும் இல்லை. அது தலைக்கட்டு ஆண்களின் உரிமை. தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும் இருளர் மக்களும் அதற்கு வெளியேதான். அந்த வேலியை மணலுக்குக் கொண்டுவர வேண்டாம். எந்தக் குப்பத்துப் பிள்ளையானாலும், ஆணோ பெண்ணோ, சீட்டில் பெயர் இருக்கட்டும். புள்ளி யாருக்குப் போனாலும் சரி, ஆறு பந்து எல்லாருக்கும் வந்தாக வேண்டும்.