விளங்காமல் ஆட்டிய தலை

வகுப்பறையில் நான் அதிகம் கேட்ட கேள்வி, “விளங்கிச்சா?” என்பதுதான். பிள்ளைகள் ஒரே குரலில் “ஓம் சேர்” என்பார்கள். அந்த ‘ஓம்’ எவ்வளவு நம்பத்தக்கது என்பது எந்த ஆசிரியனுக்கும் தெரியும். அதே ‘ஓம்’ என் வாயிலிருந்தும் வந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு 45 வயதாக வேண்டியிருந்தது.

வாப்பாவின் சத்திரசிகிச்சைக்காக, சிங்களப் பிரதேசத்து வைத்தியசாலையொன்றில் இரவுத் துணைக்கு நின்றேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களப் பெரியவர். நள்ளிரவில் என் கையைப் பிடித்து, “மஹத்தயா” என்று அழைத்து நீளமாக ஏதோ சொன்னார். ‘துவ’ என்ற ஒரு சொல் மட்டும் பிடிபட்டது, மகள். திருப்பிக் கேட்க வெட்கம். “ஹரி, ஹரி” என்று தலையாட்டினேன். அவர் நிம்மதியாகக் கண்களை மூடிக்கொண்டார். விடியற்காலை தேநீர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவரை வேறு வாட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அவர் எதை என்னிடம் ஒப்படைத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பியதும் இணையத்தில் சிங்களம் படிக்கத் தொடங்கினேன். சிங்களம் என்றதும் நம்மவர்களுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் நினைவுக்கு வரும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அந்த வரலாற்றை நான் மறக்கவில்லை. ஆனால் அன்றிரவு அந்தப் பெரியவருக்கும் எனக்கும் இடையே நின்றது என் சோம்பல்தான்.

காணொளிப் பாடங்கள் இலவசம். ஆசிரியை பொறுமைசாலி, எத்தனை தரம் நிறுத்தினாலும் கோபிக்கமாட்டார். சிக்கலே அங்குதான். தமிழில் ‘கந்த’ என்று நாம் எழுதக்கூடிய இரண்டு சொற்கள் சிங்களத்தில் உண்டு. மூக்கொலி முழுமையாக ஒலித்தால் மலை. அரைவாசியாகத் தேய்ந்தால் அடிமரம். நம் எழுத்தில் அந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. காதுகொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். சரியாக அந்த நேரத்தில் வாட்ஸ்அப் ஒலிக்கும். பார்த்துவிட்டு வருவதற்குள் பாடம் எங்கோ ஓடியிருக்கும். நான் பின்னால் போவதில்லை. ‘அடுத்தது’ என்பதை அழுத்திவிடுவேன்.

இப்படியே ஒரு மாதத்தில் 22 பாடங்களை ‘முடித்தேன்’. ஒருநாள் சட்டி பானை விற்க வந்த சிங்கள வியாபாரி வாசலில் நின்று ஏதோ கேட்டார். என் வாயிலிருந்து வந்தது அதே “ஹரி, ஹரி”.

திரையின் முன்னால் கவனம் சிதறினால் யாருக்கு அநியாயம்? காணொளி ஆசிரியைக்கு ஒரு நட்டமுமில்லை. எதிரில் ஆளில்லாத இடத்தில் கவனம் தவறுவது குற்றமாகுமா? ஆகும் என்றே இப்போது நினைக்கிறேன். பாடத்தில் நான் செலுத்தும் கவனம் இனிச் சந்திக்கப்போகும் ஒரு மனிதருக்கு உரிய அமானிதம். அவர் பேசும் நாளில் அது என் கையில் இருக்க வேண்டும்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது கைபேசியில் பாடம் அனுப்பினேன். “பார்த்தோம் சேர்” என்று எழுதிவிட்டு ஒன்றும் அறியாதிருந்த பிள்ளைகளை ஏசினேன். மனவுறுதி இல்லாதவர்கள் என்று தீர்ப்பும் சொன்னேன். கவனம் பெரும்பாலும் எதிரிலிருக்கும் முகத்தால் வருகிறது என்பதை ஆசிரியர் கலாசாலையில் படித்தும் மறந்திருந்தேன். திரையில் அந்த முகம் இல்லை. கற்பவனே அதை அங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும்.

இப்போது சுபஹுக்குப் பின் 20 நிமிடங்கள். கைபேசியின் மற்ற ஒலிகளை நிறுத்திவிடுகிறேன். ஒரு நாளைக்கு 5 வாக்கியங்கள். கையால் எழுதி, உரத்துச் சொல்லிப் பார்க்கிறேன். வாரத்தில் ஒருநாள் ஒரு சிங்கள ஆசிரிய நண்பருடன் பேசுகிறேன். அவர் சிரித்துத் திருத்துவார். தொடங்குமுன் அந்தப் பெரியவரின் கையை ஒருகணம் நினைத்துக்கொள்கிறேன். அப்படியும் மனம் ஓடும். ஓடினால் ‘அடுத்தது’ என்பதை அழுத்தாமல் பின்னால் போகிறேன். வேகம் குறைந்துவிட்டது, பொய்யும் குறைந்திருக்கிறது.

தடுமாறாமல் நான் முதலில் சொல்லப் பழகிய வாக்கியம், “மட்ட தேருனே நெஹெ, ஆயெத் கியன்ன” என்பது. எனக்கு விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள். அடுத்த முறை வந்த பானை வியாபாரியிடம் அதைச் சொன்னேன். அவர் சுமையை இறக்கிவைத்துவிட்டு, நிதானமாக மறுபடியும் சொன்னார்.

அன்றிரவு எனக்கு இந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்திருக்கும்.