அடைக்கல தருமமும் நாய்வளர்ப்பும்

உயிர்களுக்கு இரங்குதல் தருமமென்பதை மறுப்பார் ஒருவருமிலர். ஆயினும், இரக்கமென்பது மனத்தில் ஒரு கணந் தோன்றி மறையும் நெகிழ்ச்சி மாத்திரமா, அன்றி நாடோறும் நடத்தவேண்டிய ஒழுக்கமா என்று வினாவினால், நம்மவருட் பலர் உடனே விடைகூற மாட்டாது நிற்பர். இவ்வினாவைப் பெரிய சாத்திர விசாரத்திற் கொண்டுபோய் வைக்காது, நம்முடைய படலைவாயிலில் வந்து நிற்கும் ஓர் எளிய பிராணியைக் கொண்டு ஆராய்தல், மாணாக்கருக்கு நீதி புகட்டும் உபாத்தியாயர்களுக்குப் பயன்படுமென்று கருதி இதனை எழுதத் துணிந்தோம். அப்பிராணி நாய், அதிலும், ஒருவரால் வளர்க்கப்பட்டுப் பின் கைவிடப்பட்ட, உடல் பெருத்த, துடிப்பு மிக்க, வளர்ந்த நாய்.

குட்டியாயிருக்கும்போது வீட்டார் யாவரும் மடியில் வைத்துக் கொஞ்சிய நாய், இரண்டு வருடத்துள் முப்பது கிலோகிராம் நிறையுடையதாகி, வேலியைத் தாண்டவும், வருவோர்மேற் பாயவும், கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடவுந் தொடங்கியவுடன், அதன்மேல் வைத்த அன்பு குறைந்துபோகின்றது. சிலர் அதனைத் தொலைவிற் கொண்டுபோய்ச் சந்தையருகே விட்டுவிடுகின்றனர். சிலர் வீட்டைப் பூட்டிப் பிறதேசஞ் செல்லும்போது அதனை வளவிலே விட்டுச் செல்கின்றனர். நேற்றுவரை ஒருவருடைய காவலாயிருந்தது இன்று கட்டாக்காலியென்று பெயர்பெறுகின்றது. குட்டியை ஏற்க ஆளுண்டு. வளர்ந்ததை ஏற்க ஆளில்லை.

இவ்விடயத்தில் யாம் செய்த பிழை இரண்டினை மறையாது கூறுகின்றோம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கானோர் ஊர்விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். எம்முடைய நாயும் எம்மைத் தொடர்ந்து வந்தது. நாவற்குழிப் பாலத்தை அணுகியபோது சனநெருக்கத்தில் அதனைக் காணேம். திரும்பித் தேடினோமில்லை. ஆபத்துக் காலத்தில் வேறு செய்யக்கூடியது யாதுமில்லையென்று மனத்தைத் தேற்றினோம். அத்தேற்றம் மெய்யாயிருக்கலாம், ஆயினும் மனம் அதனை முற்றாக ஏற்கவில்லை.

பல்லாண்டு கழிந்தபின், அயல்வீட்டார் விட்டுச்சென்ற அல்சேசன் கலப்பு நாயொன்றை, பழைய கடனைத் தீர்ப்பதுபோல எண்ணி ஏற்றுக்கொண்டோம். அஃது ஒரு கிழமைக்குள் வேலியை இருமுறை பிரித்தது. தெருவில் எம்மை இழுத்து வீழ்த்தியது. விளையாட்டாகப் பாய்ந்து அயற்பிள்ளை ஒன்றைத் தள்ளிவிட்டது. யாம் அஞ்சி மாமரத்தடியிற் சங்கிலியாற் கட்டினோம். கட்டியபின் அதுவரை உறுமாத நாய் உறுமத் தொடங்கியது. ஒரு மாதத்துள், இதனை யாரிடமாவது கொடுத்துவிடுவோமென்று பேசினோம். அப்பொழுதுதான் எம்முடைய குற்றம் எமக்கு விளங்கியது. எம்முடைய மனச்சாட்சிக்கு மருந்து தேடினோமேயன்றி, மருந்தாக வந்த உயிருக்கு வேண்டியது யாதென்று ஒருநாளும் வினாவினோமில்லை. முதல் நாயை இடுக்கண் பற்றி விட்டோம். இரண்டாவதை விடுவோமாயின் அது சலிப்பு பற்றியதாகும். முன்னையதற்கு மன்னிப்பு உண்டாகலாம். பின்னையதற்கு யாது சொல்வோம்?

இனி, துடிப்பு நாயின் குற்றமா என்பதை ஆராய்வோம். அல்சேசன் என்று நாம் வழங்கும் நாயினம் செருமனி தேசத்தில் ஆட்டுமந்தை காத்த நாய்களிலிருந்து 1899 ஆம் ஆண்டு தொடக்கம் முறையாக வளர்த்தெடுக்கப்பட்டது. லபிறடோர் என்னும் இனத்தின் முன்னோர் நியூபவுண்லாந்துக் கடற்கரையில் மீனவருக்குத் துணைநின்றவை. நாள்முழுதும் ஓடியும் நீந்தியும் தொழில்செய்தற்கென்றே மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து உண்டாக்கிய வலிமை அது. அவ்வலிமையை வேண்டி உண்டாக்கியவனும் மனிதன். அதற்கு வேலை கொடாது நாலுமுழச் சங்கிலியிற் கட்டிவிட்டு, அடங்காத பிராணியென்று பழிப்பவனும் மனிதன். வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிள்ளையைப் பிரம்பினால் அடக்க முயன்று தோற்றபின், கரும்பலகை துடைக்கவும் தோட்டத்துக்கு நீர் இறைக்கவும் அவனை ஏவி நல்வழிப்படுத்திய உபாத்தியாயர் நம்முள் அநேகர் உளர். இயல்பைக் குற்றமென்று தண்டித்தல் ஆசிரியத்துவம் அன்று; இயல்புக்குத் தக்க வழி திறந்துவிடுதலே ஆசிரியத்துவம். நாய்க்கும் அஃதே.

யாம் பின்னர்க் கைக்கொண்ட முறை இது. சூரியன் ஏறுமுன் ஒரு மணித்தியாலமும், வெயில் தாழ்ந்தபின் ஒரு மணித்தியாலமும் அதனை நடத்திச் சென்றோம். நாய் மனிதரைப்போல உடல்முழுதும் வியர்த்து வெப்பம் நீக்குவதன்று. நாவை நீட்டி இளைத்தே பெரும்பாலும் நீக்குவது. ஆதலின் நண்பகலிலே தார்வீதியில் அதனை ஓட்டுதல் கொடுமையாம். உணவை ஒரே பாத்திரத்திற் கொட்டாது, சிறிது சிறிதாக வளவில் ஒளித்துவைத்து மோந்து தேடச் செய்தோம். கால்மணி நேரம் மூக்கினால் தேடிய நாய் அமைதியுற்றுப் படுத்தலைக் கண்டோம். இரு, நில், வா என்னும் சொற்களை வீட்டார் யாவரும் ஒரேவிதமாகச் சொல்லி, கேட்டபோது சிறு உணவு கொடுத்துப் பழக்கினோம்; அடித்தலை அறவே விட்டோம். சிறுபிள்ளைகளோடு அதனைத் தனியே விடுதலையும் நீக்கினோம். நல்ல நாயாயினும் அதன் நிறை குழந்தைக்குப் பெரிது.

புதிய இடத்துக்கு வந்த நாய் முதற் சிலநாள் அச்சத்தால் ஒடுங்கியிருக்கும். சில கிழமைகள் சென்றபின்னரே தன் உண்மைச் சுபாவத்தைக் காட்டும். இது நம் வீடென்று தெளிதற்கோ பல மாதஞ் செல்லும். முதல்வாரத்து அமைதியைக் கண்டு மகிழ்தலும், இரண்டாம் மாதத்துக் குழப்பத்தைக் கண்டு வெறுத்தலும் ஒருங்கே அறியாமையாம். வளர்ந்த நாயிடத்து ஒரு நன்மையும் உண்டு. குட்டி எவ்வளவு பெருக்கும், எவ்வாறு நடக்குமென்று முன்னறிதல் அரிது. வளர்ந்ததன் அளவும் குணமும், பொறுத்து நோக்குவார்க்குப் பெரும்பாலும் வெளிப்படை.

நோய்க்காப்பும் இத்தருமத்தின் ஒரு பகுதியேயாம். விசர்நாய்க்கடிக்கு எதிரான ஊசியைப் பிரான்சு தேசத்துப் பாஸ்டர் என்பவர் 1885 ஆம் ஆண்டு முதன்முதல் ஒரு சிறுவனுக்கு இட்டனர். நம்முடைய தீவில் இந்நோயைத் தடுத்தற்குரிய சட்டம் 1893 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 2006 ஆம் ஆண்டில் அரசாங்கம் தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை விடுத்து, தடுப்பூசியையும் கருத்தடையையும் வழியாகக் கொண்டது. கொல்லுதல் ஒழிந்தமை நன்று. ஆயின், கொல்லப்படாத உயிர் எங்கேனும் வாழ்தல் வேண்டுமன்றோ? கைவிடுவோர் கைவிட்டுக்கொண்டேயிருப்பின், அவ்வுயிர் வீதியிலே பசித்தும் பெருகியும் வாழும். ஆதலின் ஏற்றுக்கொள்ளும் நாய்க்கு உரிய காலத்தில் ஊசி இடுவித்தலும், கருத்தடை செய்வித்தலும், உண்ணியும் புழுவும் நீக்குதலும் கடமையாம். எந்த நாய் கடித்தாலும் புண்ணைச் சவர்க்காரமும் நீருங்கொண்டு பதினைந்து நிமிடம் கழுவித் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல்வேண்டுமென்பதை ஒவ்வொரு பாடசாலையிலும் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் நலம்.

மனிதர் பசித்திருக்க நாய்க்குச் சோறிடுதல் தகுமோ என்பர் சிலர். நாய்க்கிட்ட சோற்றினால் மனிதன் பசித்திருந்தான் என்பது பெரும்பாலும் நிகழாதது. கேட்பவரும் பலகாலும் இரண்டிற்கும் இடாதவராயிருத்தலே நாம் காண்பது. இரக்கம் பங்கிட்டாற் குறையும் பண்டமன்று. பயின்றால் வளரும் பழக்கம்.

நாய் ஆசாரத்துக்கு விரோதமென்பர் வேறு சிலர். பூசையறையையும் அடுக்களையையும் தூய்மையாகக் காத்தற்கு நாயை வளவின் ஒருபக்கத்து நிழலில் வைத்து வளர்த்தலே அமையும். வீதியில் விடுதல் வேண்டா. பைரவமூர்த்தி சந்நிதியில் அவருடைய வாகனத்தை வணங்கிவிட்டு, கோயில் வீதியிற் படுத்திருக்கும் நாயைக் கல்லாலெறிதல் என்ன ஆசாரம்? மணிவாசகப்பெருமான் தம்மை நாயினுங் கடைப்பட்டவராக வைத்துப் பாடினார். கடைப்பட்டதையும் ஒருவன் ஏற்றான் என்பதன்றோ அங்கே வியப்பு? தகுதியின்றியும் ஏற்கப்பட வேண்டுமென்று வேண்டுகின்ற நாம், தகுதியில்லையென்று மற்றொன்றைத் தள்ளுதல் பொருந்தாது.

தருமபுத்திரர் சுவர்க்கஞ் செல்லுங்கால், தம்மைப் பின்பற்றி வந்த நாயை விட்டு விமானம் ஏற மறுத்த கதையை மாணாக்கர்க்கு அடிக்கடி சொல்லுகின்றோம். அதிலே ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அவர் உலகத்து நாய்களையெல்லாம் தேடிச் சென்று சேர்த்தாரல்லர். தம்மை அடைந்ததை விட மறுத்தார். அடைக்கல தருமம் ஏற்றலில் முடிவதன்று, ஏற்றலில் தொடங்குவதென்பது இதனாற் பெறப்படும். ஆகவே, ஏற்குமுன் எவ்வளவும் ஆராயலாம். நாள்தோறும் இரண்டு மணி நேரம் உண்டா? மதிலோ உறுதியான வேலியோ உண்டா? மருந்துக்குப் பணமுண்டா? இன்னும் எட்டுப் பத்து வருடத்துக்கு இவ்வூரில் இருப்போமா? வீட்டார் யாவரும் உடன்படுகின்றனரா? இவற்றுள் ஒன்றுக்கேனும் இல்லையென்பது விடையாயின், ஏற்காது விடுதலே சீவகாருணியம். அத்தகையோர் வாயிலில் நீர் வைக்கலாம், ஊசிக்குப் பொருளுதவலாம், தக்காரைத் தேடிக் கொடுக்கலாம். ஏற்றபின்னரோ, பெருமுயற்சி செய்து பாராது சலிப்பினாற் கைவிடுதல் அடைக்கலத் துரோகமாம். இருமுறை கைவிடப்பட்ட நாய் மூன்றாமவரை நம்புதல் அரிது.

எம்மிடத்து வந்த நாய்க்கு இப்பொழுது முகத்தில் நரை கண்டுவிட்டது. முன்போல இழுப்பதில்லை, எம்முடைய நடைக்குத் தன் நடையைத் தானே குறைத்துக்கொண்டு வருகின்றது. விடியற்காலை ஐந்து மணிக்குப் படலையடியில் வந்து நிற்றலை மாத்திரம் அது விடவில்லை. மழையென்றும் உடல் நோவென்றும் யாம் சொல்ல நினைக்கும் நாள்களில், நாவற்குழிப் பாலத்தை நினைந்து எழுந்து செல்கின்றோம்.