கல்லைக் கேட்ட கேள்வி

பிரயாணம் மனிதனைப் பண்படுத்தும் என்பது வாதமின்றி ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்ட கருத்துகளில் ஒன்று. பாடநூல்கள் அதைக் கூறுகின்றன; பேச்சுப்போட்டி மேடைகள் அதை எதிரொலிக்கின்றன. தூர தேசங்களைக் கண்டவன் மனிதரை நேசிக்கக் கற்றுக்கொள்கிறான் என்பது அதன் சாரம். எதைக் கண்டவன், எவ்வாறு கண்டவன் என்ற வினாக்கள் மட்டும் எழுப்பப்படுவதில்லை. மன்னாரில் வாழ்வோருக்கு அவ்வினாக்களைத் தவிர்ப்பது எளிதன்று. ஏனெனில் இது பிறரால் வந்து பார்க்கப்படும் ஊர்.

2009இல் போர் முடிந்தபின், முதுகிற் பையுடன் தாம்போதி வழியே தீவுக்குள் வரும் வெளிநாட்டு இணையரைக் காண்பது புதுமையன்று. இவர்கள் செல்வந்தர் அல்லர். பஸ்ஸில் வருகிறார்கள், தேநீர்க் கடையில் ரொட்டி தின்கிறார்கள், வெயிலிற் சைக்கிள் மிதிக்கிறார்கள். வறண்ட நிலமும் பழைய கல்லும் இவர்களை ஈர்க்கின்றன. இதே மனநிலைதான் வேறு இணையரைச் சிலி நாட்டின் அட்டகாமாப் பாலைவனத்துக்கும் பெரு நாட்டின் மச்சு பிச்சுவுக்கும் இட்டுச் செல்கிறது. இந்த ஆசையை ஏளனஞ் செய்யும் எண்ணம் எனக்கில்லை. கால் நோக உலகைக் காண விரும்பும் இளமை, உல்லாச ஹோட்டலிற் சாய்ந்திருக்கும் செல்வத்தைவிட மதிப்புக்குரியது.

ஆனால் அவர்களுக்குக் காட்டப்படுவன யாவை? பள்ளிமுனையின் பெருக்கமரம், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மாறிமாறி ஆண்ட கோட்டை, சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம், அதன் அயலிலே, சீனத்துப் பீங்கானும் மேற்காசிய மட்பாண்டமும் 1980களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட மாந்தைத் துறைமுக மேடு, தெற்கே அரிப்புக் கடற்கரையில் இடிந்து கடலுள் விழுந்துகொண்டிருக்கும் ‘டொரிக்’ மாளிகை.

இந்த மாளிகையின் முன் சற்று நிற்கலாம். முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகக் கட்டுவித்தது இது. அதாவது, பிறர் மூழ்குவதைப் பார்த்திருப்பதற்கென்றே எழுப்பப்பட்ட வீடு. கயிற்றிற் கட்டிய கல்லின் பாரத்தால் மூச்சடக்கிக் கீழே போனவர்கள் தமிழரும் முஸ்லிம்களும் அராபியரும். ஒரு நூற்றாண்டு கழித்து, 1906இல், மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்பில் அரச ஊழியராக நின்ற லெனாட் வூல்பின் காலத்திலும் நியாயம் மாறவில்லை: அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு மூழ்கியவனுக்கு. இன்று படம் பிடிக்கப்படுவது தூண்களே. மூழ்கியவன் பெயர் அத்தூண்களில் இல்லை.

பழைய கற்களின் நடுவே நின்று இந்த மனிதனைத் தேடிய பிரயாணி ஒருவரை இடதுசாரி வாசகர் நன்கறிவர். பாப்லோ நெரூடா 1943 அக்டோபரில், தம் துணைவி டெலியா டெல் கரிலுடன், மச்சு பிச்சு மலைநகருக்கு ஏறினார். மெக்சிக்கோவிற் பதவி துறந்து சிலி திரும்பும் வழியில் அமைந்த பயணம் அது. இரண்டாண்டுகள் கழித்து அவர் எழுதிய நெடுங்கவிதை, அந்நகரின் அழகை வியப்பதோடு அமையவில்லை. அக்கற்களைச் சுமந்தவன் உண்டானா, உறங்கினானா, அவன் எங்கே போனான் என்று அது விசாரித்தது. அதே 1945இல் அட்டகாமாவின் வெடியுப்புச் சுரங்கத் தொழிலாளர் வாழும் வட மாகாணங்கள் அவரைச் செனற்றராகத் தெரிவுசெய்தன. அவர் கம்யூனிஸ்ட் கட்சியிலும் சேர்ந்தார். பாலைவனத்தையும் பழங்கல்லையும் ஒரு மனிதன் எவ்வாறு காணவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை என்றே முற்போக்காளர் பலர் கருதினர்.

அதே நெரூடா 1929இல் கொழும்பில் இருந்தார். சிலியின் கொன்சலாக, வெள்ளவத்தைக் கடலோரத்துச் சிறு வீடொன்றில். அவர் இறந்தபின் 1974இல் வெளிவந்த நினைவுநூலில் அவ்வீட்டின் பின்புறம் வருகிறது. நாள்தோறும் விடியுமுன் வந்து மலவாளியை எடுத்துச் சென்றவள் ஓர் இளம்பெண், தமிழ்ப் பெண், தீண்டத்தகாதது என ஒதுக்கப்பட்ட சாதியினள். அவள் தன்னை ஏறெடுத்தும் பாராததும், ஒரு காலை தான் அவள் மணிக்கட்டைப் பற்றிப் பலவந்தஞ் செய்ததும், அவ்வேளை அவள் கண்களைத் திறந்தபடி சிலைபோற் கிடந்ததும், தன்னை அவள் வெறுத்தது நியாயமே என்பதும் அவரே எழுதியவை. உயிருள்ள பெண்ணைச் சிலையாகக் கண்டவர், பதினான்கு ஆண்டுகளின் பின் கல்லுக்குள் உயிருள்ளவரைத் தேடினார். அடிமைகளுக்காகப் பேசிய அவர், அவள் பெயரை எழுதவில்லை.

இதுபற்றி நண்பரிடையே விவாதம் எழும்போது, கவிஞனின் வாழ்வு வேறு, கவிதை வேறு என்று ஒருசாரார் வாதிக்கின்றனர். கவிதையையே தூக்கியெறிய வேண்டும் என்கின்றனர் மறுசாரார். இருசாராரும் பேசுவது கவிஞனைப் பற்றியே. அவள் மீண்டும் பின்வாசலில் நிறுத்தப்படுகிறாள். எனக்குப் படும் கேள்வி வேறு. கல்லிடம் கேட்க முடிந்ததை வாசலிற் கேட்க முடியாமற் போனது ஏன்?

இறந்த அடிமை நம்மிடம் கண்ணீரை மட்டுமே கேட்கிறான் என்பதே என் விடை. உயிரோடிருப்பவள் நமது வசதியிற் கைவைக்கிறாள்; நமது வாளியை இனி நாமே தூக்கவேண்டி வரும். இரங்குவதற்கு நூற்றாண்டுகளின் தூரம் மிகவும் சௌகரியமானது. முதுகுப்பையுடன் வரும் இணையருக்கு மட்டுமன்றி நமக்கும் இது பொருந்தும். மாந்தையின் புகழைப் பேசும்போது நாம் குளிர்ந்துபோகிறோம். அதற்கு மட்டும் நமக்கு மேடை உண்டு.

‘பழமை’ என்ற சொல் எவ்வாறு ஒரு திரையாகிறது என்பதை மன்னார் அண்மையிற் கண்டது. 2018இல் நகரின் வாயிலிற் சதொசக் கட்டடத்துக்காக நிலம் தோண்டப்பட்டபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அகழ்வு நீண்டது, 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், அவற்றிற் சிறுவரும் உளர். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வேலிக்கு வெளியே காத்து நின்றனர். 2019இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் காபன் பரிசோதனை, அனுப்பப்பட்ட மாதிரிகள் 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையானவை என்றது. அம்முடிவை உறவினர் பலர் ஏற்கவில்லை. விஞ்ஞானத்தோடு வாதிட நான் முற்படவில்லை. ஆனால் முடிவு வெளிவந்ததும் ஊரிற் பலர் விட்ட பெருமூச்சு எனக்கு விளங்கவில்லை. நானூறு ஆண்டு கடந்துவிட்டால் ஒரு குழந்தையின் எலும்பு எவ்வாறு அங்கே வந்தது என்று கேட்கத் தேவையில்லையா? அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் அக்குழியில் இல்லையெனில் வேறெங்கே என்ற வினாவாவது முன்னிலும் கூர்மையடைய வேண்டாமா? அட்டகாமாவின் விளிம்பில் உள்ள கலாமா நகரில் 1973 ஒக்டோபரில் இராணுவம் 26 பேரைக் கொன்று மறைத்தது. அவர்களின் மனைவியரும் சகோதரியரும் மண்வெட்டியுடன் பல ஆண்டுகள் அப்பாலைவனத்தைத் தோண்டினர். அவர்களும் பாலைவனப் பிரயாணிகளே. எந்த வழிகாட்டி நூலும் அவர்களுக்கு உதவியிராது.

வெள்ளவத்தைப் பெண்ணின் இனத்தவர், உழைப்புத் தேடித் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஏழை மக்கள், இந்நாட்டிற் காலடி வைத்த பெருந்துறைகளுள் எமது கரையும் ஒன்று. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கி, கங்காணியின் பின்னே, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டினூடே நடந்தனர். அவர்களின் முதுகிலும் சுமை இருந்தது. வாந்திபேதியிலும் அம்மையிலும் வீழ்ந்தவர் வழியிலேயே விடப்பட்டனர். தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது 1914இல். 1948இல் அவர்கள் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகைப்படி பங்கிட்டது. பிறந்த மண்ணைவிட்டு அனுப்பப்பட்டோர் இதே தலைமன்னாரிற் கப்பல் ஏறினர். தாத்தன் இறங்கிய கரையிற் பேரன் ஏறினான்.

2023 ஜூலை 28ஆம் திகதி மலையக மக்களும் அவர்தம் தோழரும் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடக்கத் தொடங்கினர். இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்த நடை அது. 250 கிலோமீற்றர் அளவான தூரம். ஒகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தனர். முன்னோரை நினைந்து அழுதுவிட்டு அவர்கள் கலைந்துவிடவில்லை. காணியுரிமை, வீடு, வாழப் போதிய ஊதியம் என்பவற்றை இன்றைய அரசிடம் கேட்டனர். இறந்தோரைப் பற்றிய கேள்வியையும் உயிரோடிருப்போரைப் பற்றிய கேள்வியையும் ஒரே மூச்சிற் கேட்ட நடை என்பதால் அதை நான் மதிக்கிறேன்.

மன்னாருக்குக் கல்விச் சுற்றுலா வரும் ஆசிரிய நண்பருக்கு ஒரு வேண்டுகோள். பெருக்கமரத்தடியிற் படம் எடுத்தபின் பிள்ளைகளைத் தலைமன்னார் இறங்குதுறைக்கும் அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் பஸ் மதவாச்சி வழியே போகுமாயின், சன்னலோரத்துப் பிள்ளைகளைத் தூங்கவிட வேண்டாம். அந்த வழியாக நடந்தவர் யார் என்று கேளுங்கள். பாடசாலை வாயிலிற் பஸ் நிற்கும்போது, விடியுமுன் அதே தெருவைக் கூட்டிச் சென்றவரின் பெயர் யாருக்காவது தெரியுமா என்றும் கேளுங்கள்.