குறைபாட்டின் நிழலில் மறையும் துயர்

தன் துன்பத்தைத் தானே எடுத்துரைக்க வல்லவனின் துன்பமே உலகின் செவிக்கு எளிதில் எட்டுகின்றது. உளமருத்துவமும் பெரும்பாலும் நோயாளியின் சொல்லையே சான்றாகக் கொள்ளும் துறையாகும். அவ்வாறாயின், சொல்லால் தன்னை வெளிப்படுத்த இயலாத, நுண்மதிக் குறைபாடுடைய இளைஞன் ஒருவனின் உளநலத்தை மதிப்பிடுவது எங்ஙனம்? இது மருத்துவ வினா மட்டுமன்று, அறவியல் வினாவுமாகும்.

இத்தகையோர்க்கு உளநோய் வருவதில்லை என்றொரு கருத்து நெடுங்காலம் நிலவியது. கவலையுறுவதற்கும் அறிவு வேண்டும் என்பதே அதன் உட்கிடை. 1960களில் இங்கிலாந்தின் வைற் தீவில் மைக்கேல் றட்டர் முதலியோர் நடத்திய ஆய்வு இதனைப் பொய்ப்பித்தது. நுண்மதி குறைந்த சிறுவரிடையே உளக்கோளாறுகள் ஏனையோரிடத்திலும் பன்மடங்கு மிகுந்து காணப்பட்டன.

எனின், அவை கண்ணிற்படாமற் போனமைக்குக் காரணம் யாது? 1982இல் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் றைஸும் அவருடன் இணைந்தோரும் இதனை ஆராய்ந்தனர். கடும் அச்சத்தால் வருந்தும் ஒருவரைப் பற்றிய ஒரே விவரணம் உளவியலாளர்களுக்கு அளிக்கப்பட்டது. அவர் நுண்மதி குறைந்தவர் என்ற குறிப்புச் சேர்ந்தவிடத்து, அதே அச்சம் உளக்கோளாறாகக் கருதப்படுவது குறைந்தது. ஒரு குறைபாட்டின் நிழல் வேறொரு துயரை மறைத்துவிட்டது.

உறக்கமிழந்து, உணவை மறுத்து, தன்னையே அடித்துக்கொள்ளும் இளைஞனைக் காண்போர், ‘அது அவனது இயல்பு’ என்று கூறி அமைகின்றனர். அது மனச்சோர்வாக இருக்கலாம். சொல்லத் தெரியாத பல்வலியாகவும் இருக்கலாம். தாயின் இறப்பு அவனுக்கு விளங்காது என எண்ணி அதனை மறைப்பாரும் உளர். அவள் வாராமையை அவன் நாள்தோறும் உணர்கின்றான் என்பதை அவர்கள் சிந்திப்பதில்லை.

பெற்றோரும் ஆசிரியரும் கூறும் சான்று இன்றியமையாதது. ஆயினும் அவர்கள் காண்பது செயலையே. பிறர்க்குத் தொல்லை தரும் சினம் விரைவில் முறையிடப்படும். எவர்க்கும் தொல்லை தராத துயரமோ ‘நல்ல பிள்ளை’ என்ற பாராட்டைப் பெற்று மூலையில் அமர்ந்திருக்கும்.

ஒவ்வொரு நடத்தையையும் நோயெனக் கொள்ளின் மருந்தால் அடக்கும் தீமை விளையாதோ எனச் சிலர் வினவலாம். அவ்வச்சம் நியாயமானதே. இத்தகையோர்க்கு உளமருந்துகள் அளவிறந்து வழங்கப்படுவதைத் தடுக்க இங்கிலாந்தில் 2016இல் ஓர் இயக்கமே தொடங்கப்பட்டது. ஆயின், துயரைக் காணாது விடுவதற்கும் காரணமின்றி மருந்தூட்டுவதற்கும் மூலம் ஒன்றே: அவனைக் கேளாமலே முடிவு செய்தல்.

ஆதலின் அவனை ஏனையோருடனன்றி, நேற்றைய அவனுடனேயே ஒப்பிடல் வேண்டும். எளிய வினாக்களையும் படங்களையும் கொண்டு, அவன் நம்பும் ஒருவர் அருகிருக்க, விடைக்குப் பொறுமையுடன் காத்திருத்தலும் வேண்டும். அக்காத்திருப்பு அவனுக்குக் காட்டும் இரக்கமன்று. அவனுக்கு நாம் செலுத்த வேண்டிய கடனாகும்.